நாவல் பழத்துக்குப் புற ஊதா விளக்கு... வாங்கலாமா?

‘கோயம்பேட்டுல விடியற்காலம் வாங்குற நாவல் பழம், மறுநாள் சாயங்காலமே கசிஞ்சு போயிடுது. தண்ணி சுத்திகரிக்கிற மெஷின்ல இருக்குற புற ஊதா விளக்கை வாங்கி, பழக்கூடைக்கு மேல மாட்டினா கூட ரெண்டு நாள் தாங்குமா?’ என்று கேட்டிருக்கிறார், காட்டுப்பாக்கத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர். சாலையோரத்தில் பழம் விற்பவர். விளக்கு வாங்கப் பணமும் எடுத்து வைத்துவிட்டாராம். அதனால், நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

இந்த யோசனை வெறும் கற்பனை அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தினர், கடையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரியை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கை இருட்டான குளிர்பெட்டியிலும், இன்னொரு பங்கைப் புற ஊதா எல்.இ.டி பொருத்திய குளிர்பெட்டியிலும் வைத்தார்கள். வெளிச்சத்தில் இருந்த பழங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம், அதாவது 9 நாள்கள் வரை பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தன. 2013-ம் ஆண்டு வெளிவந்த முடிவு இது. கவனியுங்கள், இரண்டுமே குளிர்பெட்டிக்குள் இருந்த பழங்கள்தான்.

பழத்தைக் காப்பதற்காகப் பெரிதும் ஆராயப்பட்டிருப்பது புற ஊதா ‘சி’ வகைக் கதிர். தண்ணீர் சுத்திகரிப்பு விளக்கிலிருந்து வருவதும் இதுதான். அலைநீளம் 254 நானோமீட்டர். வெயிலில் இது நமக்குக் கிடைக்காது. வானத்து ஓசோன் படலமே தடுத்துவிடுகிறது. கொசு, ஈ பிடிக்கும் நீல விளக்கும் வேறு வகை. ‘சி’ கதிர், பூஞ்சண வித்துகளின் மரபணுவைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்யும். அளவோடு பட்டால் பழத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும்.

அந்த ‘அளவோடு’ என்பதில்தான் சிக்கலே. ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட் கதிர் விழும்படி 100 விநாடி காட்டினால், அது 1 கிலோஜூல். ஆய்வுகளில் பெரும்பாலும் சில கிலோஜூலுக்குள்தான் கொடுக்கிறார்கள். மிஞ்சினால் தோல் கருகும். காம்பு, இலை பழுப்பாகும். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கதிர் நேராகப் பட்ட இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். கூடையில் மேலடுக்குக்குக் கிடைக்கும், அடியில் நசுங்கிக் கிடப்பதற்குக் கிடைக்காது. கண்ணாடியையும் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவையும் தாண்டாது. நாவலுக்கோ தோல் மெல்லிசு. அடிபட்ட இடத்தில் சாறு கசிந்து உள்ளே புளிக்க ஆரம்பித்தாலும், புழு உள்ளே இருந்தாலும், மேலே எத்தனை விளக்கு எரிந்தும் பயனில்லை.

இதைவிட முக்கியமானது, கண். சுத்திகரிப்பு மெஷினில் அந்த விளக்கு மூடிய குழாய்க்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் கடையில் தொங்கவிட்டால், சில நிமிடங்களிலேயே தோல் சிவந்து எரியக்கூடும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தி, நீர் கொட்டும். குழந்தைகளும் வாடிக்கையாளர்களும் வந்துபோகும் இடத்தில் இதைக் கட்டாயம் மாட்டக்கூடாது. ஆட்கள் இல்லாத மூடிய பெட்டி, கதவு திறந்தால் தானே அணையும் சுவிட்ச், இவை இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஆக, வாசகிக்கு என் பதில்: விளக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டுகள் வாங்குங்கள். இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் பழத்தைக் குவிக்காதீர்கள். வாங்கி வந்தவுடன் கசிந்ததைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒன்று நாறினால் பக்கத்துப் பழமும் கெடும். மொத்தமாகக் கழுவி வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஈரம்தான் பூஞ்சணத்துக்கு விருந்து; விற்கும்போது மட்டும் கழுவிக் கொடுங்கள். மீந்ததைத் துளையிட்ட பாலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். செங்கல், மணல் வைத்துக் கட்டும் மின்சாரமில்லாக் குளிர் அறையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் ஆவியாவதால் குளிரும் அமைப்பு அது. காற்றிலேயே ஈரம் நிற்கும் சென்னைப் பக்கத்தில், உள்மாவட்டங்கள் அளவுக்குப் பலன் தராது.

கொடைக்கானல், நீலகிரியில் ஸ்ட்ராபெர்ரி போடுகிறவர்கள் கதை வேறு. பறித்த சூடு தணியக் குளிரவைத்து, 0 டிகிரியை ஒட்டிச் சேமிக்க வசதி இருந்தால், மூடிய பெட்டியில் புற ஊதா முறையைக் குழுவாகச் சேர்ந்து முயன்று பார்க்கலாம். டப்பாவில் அடைப்பதற்கு முன்பே கதிர் காட்ட வேண்டும். முதலில் ஒரு தட்டுப் பழத்துக்கு மட்டும் காட்டி, காட்டாத ஒரு தட்டையும் பக்கத்திலேயே வைத்து, தினமும் எத்தனை பழம் கெடுகிறது என்று எண்ணி எழுதி வாருங்கள்.