உங்களுக்குத் தெரியுமா? கால்குலேட்டருக்குள் கள்ளாட்டம்!

கணக்கு வகுப்பில் வீடியோ கேம் கருவியை எடுத்தால் வாத்தியார் பிடுங்கி வைத்துக்கொள்வார். அவரே "எடுத்து மேசைமேல் வை" என்று சொல்லும் கருவிக்குள் கேம் ஒளிந்திருந்தால்? அமெரிக்க, ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது வருடமாக நடத்திவரும் திருவிளையாடல் இது. மேடை, கிராஃபிங் கால்குலேட்டர்!

● 422 பைட் குடிசை

முதன்முதலில் கடைக்கு வந்த கிராஃபிங் கால்குலேட்டர், 1985-ல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி. நம் இன்ஜினீயரிங் மாணவர்களின் சயின்டிஃபிக் கால்குலேட்டர் விடையோடு நிறுத்திக்கொள்ளும். இது சமன்பாட்டைக் கொடுத்தால் வளைகோட்டையே வரைந்து காட்டும். புரோகிராம் எழுத அதில் இருந்த இடம் 422 பைட். நீங்கள் படிக்கும் இந்தப் பத்தியைக் கம்ப்யூட்டரில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும்.

● பைக்குள் நுழைந்தது எப்படி?

அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1994 முதல் கால்குலேட்டருக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரி அளவிலான ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்கு 1995-ல் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் ஆனது. படிப்புக்கு என்று கேட்டால் எந்த வீட்டில் மறுப்பார்கள்? டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்கிற டி.ஐ. நிறுவனத்தின் கால்குலேட்டர்கள் பைகளில் ஏறின. கேமும் கூடவே ஏறியது.

● பேக்-மேனுக்குப் பங்காளி

டி.ஐ.-83 பிளஸ் 1999-ல் வந்தது. அதன் மூளை, ஸைலாக் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட இசட்80 ப்ராசசர். 1980-ல் உலகைக் கலக்கிய பேக்-மேன் ஆர்கேட் எந்திரத்தை ஓட்டியதும் இதே வகைச் சிப்தான். பேக்-மேனில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ், கால்குலேட்டரில் 6. அலமாரி உயர எந்திரத்தின் மூளை நான்கு சின்ன பேட்டரியில், அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில்!

● 6,144 புள்ளிகள்

அதே கால்குலேட்டரின் ஸ்கிரீன் அகலவாக்கில் 96, உயரவாக்கில் 64 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று கணக்கிட்டால் முழு ஸ்கிரீனும் 768 பைட்டில் அடங்கிவிடும். எழுத்தாகக் காட்டினால் எட்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. எத்தனையோ பேரின் முதல் கேமில் ஹீரோ ஓர் எழுத்துதான். சுவர் ஒரு நட்சத்திரக் குறி, எதிரி இன்னோர் எழுத்து.

● பட்டனுக்கு வீட்டு எண்

கால்குலேட்டரிலேயே எழுதக்கூடிய மொழி டி.ஐ. பேசிக். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் எண். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலில் வரிசை, பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது பட்டன். இரண்டாம் வரிசையில் ஐந்தாவது இடம் மேல்நோக்கிய அம்புக்கு, ஆகவே அதன் எண் 25. பத்தாம் வரிசையின் ஐந்தாவது பட்டன் என்டர், அது 105. புரோகிராம் "எந்தப் பட்டன்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 25 வந்தால், ஹீரோ நிற்கும் இடத்தில் ஒரு வெற்றிடத்தை அச்சிட்டு, ஒரு வரி மேலே அவனை மறுபடி அச்சிடும். அவன் நடந்துவிட்டான்! ஆன் பட்டனுக்கு மட்டும் எண் கிடையாது. அதைத் தொட்டால் ஆட்டமே நின்றுவிடும்.

● மூடாத அடைப்புக்குறி

திறந்த அடைப்புக்குறியை மூட வேண்டும் என்பது கணக்கு வாத்தியாரின் வேதம். டி.ஐ. பேசிக்கில் வரி முடிகிற இடத்தில் அதை மூடாவிட்டாலும் குற்றமில்லை, கால்குலேட்டரே புரிந்துகொள்ளும். மூடாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் மிச்சம். அச்சிடச் சொல்லும் முழுக் கட்டளைச் சொல்லுக்கே உள்ளே ஒரே பைட்தான் என்றால், அந்தச் சிக்கனத்தின் அருமை புரியும். அஞ்சறைப்பெட்டியில் சில்லறை சேர்ப்பது மாதிரி!

● 27 டப்பாக்கள்

எண்களைப் போட்டுவைக்க அந்த மொழி தருவது ஆங்கில எழுத்துகள் 26, கூடவே தீட்டா. மொத்தம் 27 டப்பா. மதிப்பெண், உயிர், ஹீரோவின் இடம், எதிரியின் இடம் எல்லாம் அதற்குள்தான். அது பற்றாதவர்கள் பட்டியல்களையும் அணிகளையும் (மேட்ரிக்ஸ்) பிடித்தார்கள். வகுப்பில் கொட்டாவி விடவைத்த அணி, இங்கே கேமின் வரைபடம் ஆனது. எண் 0 என்றால் வழி, 1 என்றால் சுவர்.

● பின்வாசல்

1992-ல் வந்த டி.ஐ.-85-ல் பேசிக் மட்டுமே எழுதலாம், அது ஆமை வேகம். ப்ராசசரோடு நேரடியாகப் பேசும் அசெம்பிளிக்கு வழியில்லை. ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்? மெமரி முழுவதையும் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் நகலெடுத்தார்கள். அந்த நகலில் ஒரு மெனுவுக்குரிய பகுதியைத் திருத்தித் திரும்ப ஏற்றினார்கள். மெனுவை அழுத்தினால் இவர்களுடைய நிரல் ஓடியது! இப்படிப் பிறந்ததுதான், அசெம்பிளி புரோகிராம்களை ஓட்டும் இசட்ஷெல். பின்னாளில் டி.ஐ.-83 பிளஸ்ஸில் அசெம்பிளியை ஓட்ட நிறுவனமே ஒரு கட்டளை வைத்தது.

● சாம்பல் நிற மாயம்

அந்தக் காலக் கால்குலேட்டர் ஸ்கிரீனுக்குத் தெரிந்தது கறுப்பு, இல்லாவிட்டால் வெறுமை. ஆனால் கேம்களில் சாம்பல் நிறம் தெரிந்தது! பழைய எல்.சி.டி. மந்தமானது, புள்ளி அணைய நேரம் பிடிக்கும். இரண்டு படங்களை மாற்றி மாற்றி வேகமாகக் காட்டினால், ஒன்றில் மட்டும் உள்ள புள்ளி பாதி அணைந்தது போலத் தோன்றும். ஒரு படத்தை மற்றதைவிட இரு மடங்கு நேரம் காட்டினால் நான்கு தரம் கிடைக்கும். ஸ்கிரீனின் குறையே தூரிகை.

● கேபிள் வழி பரவிய தொற்று

இரண்டு கால்குலேட்டர்களை இணைப்பது இயர்போன் பின் போன்ற 2.5 மி.மீ. முனையுள்ள கேபிள். ஒருவரிடம் கேம் இருந்தால் போதும், மதிய இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். இரண்டு பேர் எதிரெதிராக மோதும் டெட்ரிஸ்கூட அந்தக் கேபிளில் ஓடியது. பல கேம்களில் "டீச்சர் கீ" என்றே ஒரு பட்டன் உண்டு. காலடிச் சத்தம் கேட்டதும் அழுத்தினால் ஸ்கிரீன் பரம சாது!

● நிறுவனமே தத்தெடுத்த பிள்ளை

"பிளாக் டூட்" கேமில் குட்டி மனிதன் ஒருவன் கதவை அடைய வேண்டும். குதிக்கத் தெரியாது, ஒரு கட்டி உயரம்தான் ஏறுவான். கட்டியைத் தலைக்குமேல் தூக்கிவந்து படியாகப் போட வேண்டும். தவறான குழியில் போட்டால் முதலிலிருந்து ஆரம்பம். ஆர்வலர் குழு ஒன்று உருவாக்கிய இது, டி.ஐ. கால்குலேட்டர்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு விற்பனைக்கு வந்தது.

● 73 நாள் பூட்டு

டி.ஐ.-83 பிளஸ்ஸில் வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியாதபடி ஆர்.எஸ்.ஏ. என்ற 512 பிட் மறைகுறியீட்டுப் பூட்டு இருந்தது. 2009-ல் ஓர் ஆர்வலர் தன் சொந்தக் கம்ப்யூட்டரை 73 நாள் ஓடவிட்டு அதன் சாவியைக் கண்டுபிடித்தார். மற்ற மாடல்களின் சாவிகளை, பலர் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றுசேர்த்து வாரக்கணக்கில் கண்டுபிடித்தார்கள். சாவிகளை வெளியிட்டவர்களுக்கு நிறுவனம் காப்புரிமை நோட்டீஸ் அனுப்பியது. ஆர்வலர்களுக்காக இ.எஃப்.எஃப். என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு களமிறங்கியது.

● மறுபடியும் கதவடைப்பு

டி.ஐ.-84 பிளஸ் சி.இ. 2015-ல் வண்ண ஸ்கிரீனோடு வந்தது. 48 மெகாஹெர்ட்ஸ், 320-க்கு 240 புள்ளிகள். 2020-ல் தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அதன் புதிய இயங்குதளத்தில் அசெம்பிளி, சி மொழி புரோகிராம்களுக்கான வழியை நிறுவனம் அடைத்தது. சில மாதங்களிலேயே ஆர்வலர்கள் வேறு சந்து கண்டுபிடித்தார்கள். பிறகு பைத்தான் மொழி எழுதும் மாடலும் வந்தது.

● உருளைக்கிழங்கில் டூம்

2020-ல் ஒரு யூடியூபர், பேட்டரிக்குப் பதிலாக 700-க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்குத் துண்டுகளைக் கம்பிகளால் இணைத்துக் கால்குலேட்டரில் டூம் என்ற கேமை ஓட்டிக் காட்டினார். கேம் ஓடியது, அறையில் அழுகல் நாற்றமும்தான்!

● பொய் அறிவிப்பு

தேர்வுக்கு முன் மெமரியை அழிக்கச் சொல்லி ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். கேமை இழக்க மனமில்லாத சிலர், "மெமரி அழிந்தது" என்ற அறிவிப்பையும் கீழே கண்சிமிட்டும் கர்சரையும் அச்சு அசலாகக் காட்டும் புரோகிராமை எழுதினார்கள். அதில் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று எண்ணி வைக்க வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தேர்வைவிட இதற்குத்தான் கவனமாக உழைத்திருப்பார்கள்!

(கடைசி அடைப்புக்குறியை மூட மறக்கவில்லை, ஒரு பைட் மிச்சம்