மருத்துவக் கல்லூரி சாலையா, மாரியம்மன் கோயில் பக்கமா? - தஞ்சாவூரில் மனை தேடிய கதை

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் யாராவது ஒரு நோட்டீஸை நம் கையில் திணித்துவிடுகிறார்கள். 'பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருக்கும். எந்த வண்டியில் 5 நிமிடம் என்று மட்டும் இருக்காது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி குடும்பத்தோடு மனை பார்க்க அலைந்ததில், இப்படி ஒரு கட்டு நோட்டீஸ் என் கைப்பையில் சேர்ந்துவிட்டது.

தம்பிக்குச் சென்னையில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும், ஊரோடு வந்துவிட முடிவு செய்தான். கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா விட்டுப்போன ஒரு மா நஞ்சையை விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. இன்னொரு முறை விற்க இன்னொரு மா கிடையாது. தப்பான இடத்தில் போட்டால் போட்டதுதான்.

கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, மருத்துவக் கல்லூரி சாலையைத் தாண்டி வல்லம் போகிற மேற்குப் பக்கம். இன்னொன்று, நாகப்பட்டினம் சாலையில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலை ஒட்டிய கிழக்குப் பக்கம். தம்பி மனைவிக்கு மேற்கு. மகளுக்குப் பள்ளி, மாமியாருக்கு ஆஸ்பத்திரி, இரண்டும் அந்தப் பக்கம்தான் கிட்டே என்பது அவள் கணக்கு. தம்பிக்குக் கிழக்கு. எங்களிடம் சொன்ன விலையில், மேற்கே 1,200 சதுர அடி வாங்கும் பணத்துக்குக் கிழக்கே 1,800 கிடைக்கும். போதாததற்கு மனைக்குப் பின்னால் பச்சைப்பசேல் என்று வயல். அவன் போன் எடுத்துப் படம் பிடித்த வேகத்திலேயே, மனதுக்குள் வீடு கட்டி முடித்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு அம்மாவையும் கூட்டிப்போனோம். அம்மா மனையைப் பார்க்கவே இல்லை. அதன் ஓரமாகப் புல் மண்டிக்கிடந்த ஒரு பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வயல் வரப்பு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பியும் வந்தார்.

"இது வடிகாலுடா. மேலே இருக்கிற அத்தனை வயல் தண்ணியும் இது வழியாத்தான் போகணும். அந்தாண்ட ரோடு போட்டுத் தூத்து வெச்சிருக்கான் பாரு."

"அதனால என்னம்மா?"

"ஐப்பசியில தண்ணி வழி கேக்கும். உன் ஹால் வழியாப் போகட்டுமா?"

புரோக்கர் சட்டென்று பேச்சை மாற்றி, இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அன்றுதான் உறைத்தது. நாங்கள் சாலையை வைத்து இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். இது டெல்டா. இங்கே தண்ணீரை வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். தஞ்சாவூரின் மேற்கும் தென்மேற்கும் மேடு. வல்லம் வரை செம்மண்ணும் சரளையும்தான். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. நாயக்கர் காலத்தில் சேவப்ப நாயக்கன் ஏரியைக் கோட்டைக்கு மேற்கே வைத்து, அங்கிருந்து சிவகங்கைக் குளத்துக்குச் சரிவிலேயே தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் ஓடும் புது ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய்தான் அது. பழைய ஆறுகளின் தண்ணீர் ஏறாத நிலத்துக்கும் பாசனம் தர, மேட்டை ஒட்டியே அதைக் கொண்டுபோனார்கள். அதற்கும் மேலே மேற்கில் இருப்பது காவிரி எட்டாத நிலம். கிழக்கே இருப்பது காலங்காலமாகத் தண்ணீர் நின்று நெல் விளைந்த வயல்.

எங்கள் கிராமத்து வீட்டைக் கட்டிய கொத்தனாரிடம் கேட்டோம். சரளை மண்ணில் அஸ்திவாரம் சாதாரணமாகப் போட்டாலே நிற்கும் என்றார். வயல் மண் அப்படி இல்லையாம். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். கிராவல் அடித்து மேடாக்கினாலும், அது அமுங்கி இறுகக் குறைந்தது ஒரு மழைக்காலமாவது விட வேண்டும். அஸ்திவாரத்தை ஆழமாக்க வேண்டும், தேவைப்பட்டால் பைல் இறக்க வேண்டும், பேஸ்மட்டத்தை உயர்த்த வேண்டும். அவர் சொன்ன செலவைத் தம்பி போன் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தான். கிழக்கே கூடுதலாகக் கிடைக்கும் 600 சதுர அடியின் லாபத்தில் பெரும்பகுதி அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது.

அப்படியானால் மேற்கேதானே என்று அவசரப்பட வேண்டாம். அங்கே சிக்கல் நேர் எதிர். கிழக்கே கை பம்பில் வரும் தண்ணீருக்கு, மேட்டில் போர் போட்டு ஆழமாக இறங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் பார்த்த தெருவில் சித்திரை மாதத்தில் மூன்று வீட்டு வாசலில் தண்ணீர் டேங்கர் நின்றது. மனை மாநகராட்சிக்குள் வருகிறதா, ஊராட்சியிலா என்பதை அக்கம்பக்கத்து வீட்டுவரி ரசீதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

இந்த ஆராய்ச்சியில் பாதியை வீட்டில் உட்கார்ந்து போனிலேயே செய்துவிடலாம். தமிழக அரசின் இ-சேவை நிலப் பதிவு தளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேடு விவரம் வரும். அதில் நஞ்சையா, புஞ்சையா என்று இருக்கும். புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று அதில் கோடு இருக்கும். கோடு இருந்து தரையில் வாய்க்கால் இல்லையென்றால், அந்த மனை வேண்டாம் என்பதே என் கட்சி. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். அதனால் 'அப்ரூவ்டு' என்று நோட்டீஸில் இருந்தால் போதாது. நகர் ஊரமைப்பு அங்கீகார எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒன்று மட்டும். இந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் மழையில் தண்ணீர் நிற்காது என்று அர்த்தமில்லை.

அதைத் தெரிந்துகொள்ள நேரில்தான் போக வேண்டும். கோடையில் பார்த்தால் எல்லா மனையும் மேடுதான். அந்தத் தெருவில் பத்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளைப் பாருங்கள். வாசலில் எத்தனை படி? மோட்டாரை எவ்வளவு உயரத்தில் மேடை கட்டி வைத்திருக்கிறார்கள்? காம்பவுண்டு சுவரில் எதுவரை பாசிக் கறை? கிழக்கே ஒரு வீட்டில் மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்கவே தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது காரில் அம்மா கணக்குப் போட்டார். ஒரு மா என்றால் 100 குழி. குழிக்கு 144 சதுர அடி. ரோடு, பார்க் போக எட்டு மனை தேறும். "நம்ம வயல்லயும் இந்நேரம் கல்லு நட்டிருப்பானோ?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், இவர்களுக்கு மேற்குதான். வயசான அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கையில் ஒரே ஒரு தடவைக்கான பணம். தண்ணீர் இல்லாவிட்டால் டேங்கரைக் கூப்பிடலாம், தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஆனால் தம்பிக்கு அந்த வயல் மேல் இன்னும் ஒரு கண். ஐப்பசியில் இரண்டு அடைமழை பெய்த மறுநாள் இரண்டு மனையையும் மறுபடி பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். புரோக்கர் தினமும் போன் செய்கிறார், ஆடி முடிந்தால் விலை ஏறிவிடுமாம். அம்மாதான் எடுத்துப் பேசுகிறார்.