அட்டிக்கில் சொட்டும் நீர் எங்கிருந்து வருகிறது?

டொராண்டோவில் கடுங்குளிர் நாலைந்து நாள் நீடித்து, பிறகு வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் சில வீடுகளின் மேல்மாடிச் சீலிங்கில் ஈரக்கறை படரும். கூரை ஒழுகுகிறது என்று உடனே ஷிங்கிள் மாற்றுகிறவரைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன், கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே உள்ள அட்டிக்கின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடம் நனைந்தால் கோளாறு கூரையில்தான். ஆனால் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி முனைகளில் எல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், அந்த நீர் வெளியிலிருந்து வந்ததல்ல. வீட்டுக்குள்ளிருந்து ஏறிய ஈரம் அங்கே உறைந்து, வெயில் பட்டதும் உருகிச் சொட்டுகிறது.

குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி, சீலிங்கில் கிடைக்கும் சந்துகளிலெல்லாம் அட்டிக்குக்குள் புகும். 20 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 6 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளிகள் படியத் தொடங்கும். ஜனவரியில் கூரைப் பலகையோ பூஜ்ஜியத்துக்கும் கீழே கிடக்கும். சீலிங்கில்தான் ஈரத்தைத் தடுக்கப் பாலித்தீன் விரித்திருக்கிறதே என்று கேட்கலாம். விரித்திருக்கிறது, ஆனால் மின்கம்பி, விளக்கு, கழிவுக்குழாய் என்று எத்தனையோ இடங்களில் அதைத் துளைத்தும் இருக்கிறார்கள். ஒரு முழு ஜிப்சம் பலகையை ஊடுருவி வரும் நீராவியைவிட, அதில் உள்ள ஒரு சதுர அங்குல ஓட்டை வழியே காற்றோடு போகும் ஈரம் பல மடங்கு அதிகம். கண்ணாடி இழை இன்சுலேஷனைப் புரட்டினால் சில இடங்களில் கறுத்திருக்கும். காற்று கசிந்த வழியில் தூசி வடிகட்டப்பட்டுத் தங்கிய தடம் அது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயையும் கடைசிவரை தொடர்ந்து பாருங்கள். அது கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால், தினமும் குளிக்கிற ஆவி முழுவதும் அங்கேதான் கொட்டுகிறது.

காற்றுத் துவாரங்களைக் கூட்டினால் போதாதா என்பதுதான் வழக்கமான மறுப்பு. அதில் நியாயம் உண்டு. சரிவான கூரைக்கு, இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று கனடாவின் கட்டட விதியே சொல்கிறது. இறவாரத் துவாரங்களை இன்சுலேஷன் அடைத்திருந்தால் விலக்கத்தான் வேண்டும். ஆனால் கசிவை அப்படியே விட்டுவிட்டு மின்விசிறி வைத்து அட்டிக் காற்றை உறிஞ்சினால், அந்த வெற்றிடத்தை நிரப்ப வீட்டுக்குள்ளிருந்து ஈரக்காற்று இன்னும் வேகமாக மேலே இழுபடும். காசு கொடுத்து நோயை வளர்ப்பதாகவே எனக்குப் படுகிறது.

சோறும் இட்லியும் ரசமும் நாள் முழுக்கக் கொதிக்கும் நம்மவர் வீடுகளில் ஈரத்தைக் கவனிப்பது இன்னும் முக்கியம். அடுப்புக்கு மேலுள்ள ஃபேன் ஆவியை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி சமையலறைக்கே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். குளிர் மிகுந்த நாளில் அட்டிக் மூடியின் விளிம்புக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தால், புகை உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். முதலில் அந்த விளிம்பையும் குழாய், கம்பி வழிகளையும் அடைக்க வேண்டும். பழைய வீட்டில் வெர்மிகுலைட் இன்சுலேஷன் கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பரிசோதிக்காமல் கிளறக்கூடாது. கூடுதல் இன்சுலேஷன் போடுவது கசிவுகளை அடைத்த பிறகுதான். கசிவை அடைக்காமல் இன்சுலேஷனை மட்டும் கூட்டினால் கூரைப் பலகை இன்னும் குளிர்ந்து, அடுத்த குளிர்காலத்தில் உறைபனி முன்னைவிடத் தடிமனாகவே படியும்.