ஒருநாள் வைத்த தண்ணீரும் ஒரு மாதம் ஓடிய வடிகட்டியும்

புதிதாக மீன்தொட்டி வாங்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, தண்ணீரை நிரப்பி ஒருநாள் வைத்துவிட்டு மறுநாள் மீனை விடுங்கள் என்பதுதான். இது குழாய்த் தண்ணீர் ஓடும் நகரங்களில் பிறந்த அறிவுரை. அங்கே கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரீன் மீனின் பூவை, அதாவது செவுளை, அரித்துவிடும். திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்தால் அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. இங்கே பெரும்பாலான வீடுகளில் தொட்டியை நிரப்புவது வளவுக் கிணறு. யாரும் வெளிற்றும் தூள் போடாத கிணற்றிலிருந்து வெளியேறுவதற்குக் குளோரீன் ஏது? ஆகவே அந்த ஒருநாள் காத்திருப்பால் மீன் பிழைக்கும் என்று நம்புவது வேறோர் ஊரின் மருந்தை நம் ஊரின் நோய்க்குக் கொடுப்பது. இரண்டாம் கிழமையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும்போது, பலரும் தண்ணீர் சரியில்லை என்று கிணற்றைக் குறை சொல்கிறார்கள். கிணறு பெரும்பாலும் நிரபராதி. தொட்டியின் மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் வடிகட்டிதான் இன்னும் வடிகட்டியாக ஆகவில்லை.

காத்திருப்பில் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த மண்ணில் மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அந்தக் கல்தான். கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரில் காபனீரொட்சைட்டு மிகுதி, ஒட்சிசன் குறைவு. தொட்டியில் காற்றுக் குமிழியோடு ஒருநாள் நின்றால் ஒட்சிசன் ஏறும், காபனீரொட்சைட்டு வெளியேறும். அது வெளியேற வெளியேற பி.எச். பெறுமானம் உயர்ந்து, சில வேளை கண்ணாடியில் மெல்லிய வெண்படலமும் தெரியும். இந்த உயர்வுதான் கவனிக்க வேண்டிய இடம்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைப் பூக்களின் வழியே அமோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயன் பெரிதாகத் தீங்கு செய்யாது, அமோனியா மூலக்கூறு நஞ்சு. இரண்டில் எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். பெறுமானமும் வெப்பமும். நம் தொட்டிகளின் வெப்பமான 28 பாகை செல்சியசில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஆறு, ஏழு பங்காகிவிடும். அதே மீன், அதே தீன், அதே கழிவு. சுண்ணக்கல் தண்ணீரில் ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு. மென்னீர் ஊர்களில் தப்பிவிடும் கவனக்குறைவு இங்கே தப்பாது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருப்பதும் எதற்கும் சான்றாகாது, ஏனென்றால் அமோனியாவுக்கு நிறமில்லை.

இந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. 1890இல் ரஷ்ய அறிஞர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி அவற்றை முதலில் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அமோனியாவை நைதரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைதரைற்றை நைதரேற்றாக்கும். இந்த இரண்டாம் வேலையை நைத்ரோபாக்டர் என்ற பற்றீரியா செய்கிறது என்றே நூல்கள் நெடுங்காலம் எழுதின. நன்னீர் மீன்தொட்டிகளில் அதைச் செய்வது நைத்ரோஸ்பைரா இனம் என்று திமத்தி ஹோவனெக் குழுவினர் 1998இல் காட்டினார்கள். 2005இல், அமோனியாவைத் தின்னும், பற்றீரியாவே அல்லாத ஆக்கியா வகை உயிரொன்று அமெரிக்காவின் சியாற்றில் நகர மீன் காட்சியகத் தொட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 2015இல் இரண்டு வேலையையும் தனியொருவராகச் செய்யும் பற்றீரியா அறியப்பட்டபோது, அதைத் தந்த மாதிரிகளில் ஒன்று மீன் வளர்ப்பு நிலைய வடிகட்டியில் எடுக்கப்பட்டது. மீன்தொட்டி வடிகட்டியைப் பொழுதுபோக்குச் சாமான் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதையேனும் பற்றிப்பிடித்து வாழ்கின்றன. கடையிலிருந்து வந்த ஸ்பொஞ்சைப் பிழிந்தால் சுத்தமான தண்ணீர் வரும். விரலுக்கு அது சொரசொரப்பாக இருக்கும். இரண்டு மாதம் ஓடிய ஸ்பொஞ் கபில நிறமாகி, தொட்டால் மெல்ல வழுக்கும், முகர்ந்தால் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். அந்த வழுக்கல்தான் வடிகட்டி. மற்றதெல்லாம் அது குடியிருக்கும் வீடு. குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நைதரேற்றாக்கும் பற்றீரியாக்களுக்கு நல்ல சூழலிலும் அரை நாள், ஒரு நாள் என்று எடுக்கும். ஒரு தொட்டி முதிர 4 முதல் 6 கிழமை என்று சொல்வது இதனால்தான். நம் வெப்பத்தில் இது சற்றுக் குறையலாம், ஒருநாளாகக் குறையாது. இதில் சுண்ணக்கல் நமக்குத் துணையும் நிற்கிறது. ஒரு கிராம் அமோனிய நைதரசனை நைதரேற்றாக்க ஏறக்குறைய 7 கிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மையும் 4.6 கிராம் ஒட்சிசனும் செலவாகும். மாரி மழைத் தண்ணீரை மட்டும் பிடித்து நிரப்பிய தொட்டியில் அந்தக் காரத்தன்மை விரைவில் தீர்ந்து, பி.எச். விழுந்து, வேலை நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் அது தாராளம். அமோனியாவை அதிக நஞ்சாக்கும் அதே தண்ணீர் அதைத் தின்பவர்களையும் நன்றாக வளர்க்கிறது.

ஆய்வுகூடத்தை நம்பாதவர்களுக்கு வலிகாமத்துத் தோட்டங்களே சான்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசியும் கழிவும் செம்மண்ணில் அமோனியாவாகி, அங்குள்ள இதே வகை உயிர்களால் நைதரேற்றாகி, வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல் வழியே கிணற்றுக்கு இறங்குகின்றன. குடாநாட்டுக் கிணறுகளில் நைதரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் பதிவு செய்துவிட்டன. அதாவது ஒரு பெரிய வடிகட்டி நம் காலடியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் கழிவுநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. மீன் வளர்ப்பவருக்கு இதில் ஒரு பொறி உண்டு. தொட்டியில் நைதரேற்று தெரியத் தொடங்கினால் வடிகட்டி முதிர்ந்துவிட்டது என்று கையேடுகள் சொல்லும். இங்கே முதல் வாளியிலேயே நைதரேற்று வந்துவிடுகிறது. ஆகவே அந்த அடையாளம் நமக்குச் செல்லாது. அமோனியாவும் நைதரைற்றும் ஏறி, பின் இறங்கிப் பூச்சியமாவதை மட்டுமே நம்பலாம். தண்ணீர் மாற்றி நைதரேற்றைக் குறைக்கும் வழியும் கிணற்றின் அளவோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போகத் தண்ணீர்ச் செடிகள்தான் வேண்டும்.

அந்தக் காலத்துச் சீமெந்துத் தொட்டியில் வடிகட்டியும் இல்லை, சோதனையும் இல்லை, மீன் சாகவில்லையே என்று கேட்பார்கள். அந்தத் தொட்டியில் நூற்றுக்கணக்கான லீற்றர் தண்ணீருக்கு ஐந்தாறு மீன். பாசி பிடித்த சுவர் முழுவதுமே அதன் வடிகட்டி. அறுபது லீற்றர் கண்ணாடிப் பெட்டியில் இருபது மீனை அடைப்பவர் அதை உதாரணம் காட்ட முடியாது. அன்றைக்கே விட்ட கப்பி மீன்கள் உயிரோடிருக்கின்றன என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது உண்மையாகவே நடக்கும். கப்பி வன்னீரை விரும்பும், தாக்குப்பிடிக்கும் மீன். கிணறு சற்றுச் சவராக இருந்தால் இன்னொரு காப்பும் சேரும். நைதரைற்று மீனின் உடலுக்குள் நுழைவது பூவில் குளோரைட்டு நுழையும் வாசலால். தண்ணீரில் குளோரைட்டு நிறைய இருந்தால் வாசலில் நெரிசல், நஞ்சு குறைவாகவே உள்ளே போகும். இப்படிப் பிழைத்த நான்கு கப்பிகளை வைத்து, அதே தண்ணீரில் தங்கமீனும் ஏஞ்சலும் பிழைக்கும் என்று கணக்குப் போடுவதில்தான் பிழை. போத்தலில் விற்கும் பற்றீரியா பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சில வேலை செய்யும், வெயிலில் கிடந்த போத்தல் செய்யாது. நன்றாக ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து ஈரம் காயாமல் கொண்டுவரும் பழைய ஸ்பொஞ் அதைவிட நம்பகமானது, காசும் இல்லை.

ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. செடிகளை நட்டு, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட்டு, சிறு இறால் துண்டு ஒன்றைத் துணியில் கட்டிப் போட்டால் அது அழுகி பற்றீரியாவுக்கு உணவாகும். பிள்ளையிடம் சோதனைக் குழாயைக் கொடுத்துவிட்டால் நிறம் மாறுவதைப் பார்க்க நாள்தோறும் வரும்.

குளோரீன் பற்றிய பழைய அறிவுரைக்கும் இனி இங்கே வேலை வரும். 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடிய தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடாநாட்டுக்குக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறது. வெள்ளத்தின் பின் கிணறுகளுக்குக் குளோரீன் இடுவதும் வழமை. அப்படிப்பட்ட தண்ணீரில் ஸ்பொஞ்சைக் கழுவினால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அதை அலசுங்கள்.

தொட்டியை நிரப்பும் முன் கிணற்றுத் தண்ணீரையே ஒருமுறை சோதித்து, நைதரேற்றின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரைற்று மீனின் இரத்தத்தைக் கபில நிறமாக்கி மூச்சை அடைப்பதுபோல, குடித்த நைதரேற்று கைக்குழந்தையின் வயிற்றில் நைதரைற்றாகி அதே வேலையைச் செய்யும். அந்த எல்லை முக்கியமாக அவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. உங்கள் கிணறு அந்த இலக்கத்தைத் தாண்டினால் மீன் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரை உடனே மாற்றுங்கள். கொதிக்க வைப்பதால் நைதரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.