வாடகையைப் பங்கிட்டுத் தரும் யூனிட்டுகள்: ரீட் முதலீட்டைப் பேணும் முறை

சொந்தமாகக் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடும் அளவுக்கு முதல் இல்லாதவர்களும் வாடகையைப் போன்றதொரு வருமானத்தைப் பெறுவதற்கு இந்தியப் பங்குச்சந்தையில் இன்று வழி இருக்கிறது. ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை என்றும் சுருக்கமாக ரீட் என்றும் வழங்கும் இந்த அமைப்பு, பலரிடமிருந்து பணம் திரட்டி, பெரிய அலுவலக வளாகங்களையோ மால்களையோ உடைமையாக்கிக்கொண்டு, அவற்றின் வாடகையில் பராமரிப்புச் செலவும் கடன் வட்டியும் போக எஞ்சுவதை யூனிட் வைத்திருப்போருக்குப் பங்கிட்டுத் தருகிறது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டிலேயே சட்டம் பெற்ற இம்முறைக்கு, இந்தியாவில் 2014இல்தான் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிமுறைகளை வகுத்தது. முதல் ரீட் சந்தைக்கு வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

அவ்விதிமுறைகளில் மூன்று சிறு முதலீட்டாளருக்கு முதன்மையானவை. சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி, கட்டி முடிக்கப்பட்டு வாடகை ஈட்டும் கட்டடங்களில் இருக்க வேண்டும். பகிர்ந்தளிக்கத்தக்க நிகர ரொக்கத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல், ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது, யூனிட்தாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். நடைமுறையில் காலாண்டுதோறும் கொடுக்கிறார்கள். கடன் சொத்து மதிப்பில் 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதோடு, 25 விழுக்காட்டைத் தாண்டும்போதே தரக்குறியீடும் யூனிட்தாரர்களின் ஒப்புதலும் தேவை. தொடக்கத்தில் குறைந்தது 2 லட்சம் ரூபாய் இருந்தால்தான் வெளியீட்டில் பங்கேற்க முடியும் என்றிருந்த நிலை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2021க்குப் பிறகு டீமேட் கணக்கு உள்ள எவரும் சந்தையில் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம் என்றானது.

2019 ஏப்ரலில் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ், 2020 ஆகஸ்ட்டில் மைண்ட்ஸ்பேஸ் பிசினஸ் பார்க்ஸ், 2021 பிப்ரவரியில் புரூக்ஃபீல்டு இந்தியா, 2023 மே மாதத்தில் நெக்சஸ் செலக்ட், 2025 ஆகஸ்ட்டில் நாலெட்ஜ் ரியால்டி என ஐந்து பெரிய ரீட்டுகள் 2025 இறுதிக்குள் பட்டியலிடப்பட்டிருந்தன. சென்னைவாசிகள் நாள்தோறும் கடந்து செல்லும் சில கட்டடங்களும் இவற்றுக்குள் அடங்கும். வடபழனியின் விஜயா மால் நெக்சஸ் செலக்ட்டுக்கு உரியது. போரூரில் மைண்ட்ஸ்பேஸுக்கும், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் எம்பசிக்கும் அலுவலக வளாகங்கள் உள்ளன.

ஐந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிட்டால் முதலீடு பரவலாகிவிட்டது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு உரிய ஆதாரம் இல்லை. ஐந்தில் நான்கு அலுவலக வளாகங்களையே நம்பியிருப்பவை. ஒன்று மட்டுமே மால்களுக்கு உரியது. அந்த நான்கிலும் வாடகைதாரர்களில் பெரும்பகுதியினர் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களின் இந்திய மையங்களுமே ஆதலால், அத்துறை தளர்ந்தால் நான்கும் ஏறத்தாழ ஒருசேரத் தளரும். குடும்பத் தலைவரின் சம்பளமும் அதே துறையிலிருந்து வருமானால், வேலைக்கு ஆபத்து வரும் காலத்திலேயே வாடகைப் பங்கும் குறையக்கூடும் என்பதை அத்தகைய குடும்பங்கள் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு விதி மாற்றமே கட்டடங்களைக் காலியாக்கிவிடக்கூடும் என்பதற்கு ரீட்டுகளிடம் உள்ள சிறப்புப் பொருளாதார மண்டல வளாகங்களின் அனுபவம் சான்று. அங்கே புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்கான வருமான வரிச் சலுகை 2020இல் முடிவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கமும் பரவியது. சலுகையும் இல்லாமல் மண்டலத்தின் கட்டுப்பாடுகளையும் சுமக்கப் புதிய வாடகைதாரர்கள் முன்வரவில்லை. சாதாரண நிறுவனங்களுக்கு விடுவதற்கோ விதி இடம் தரவில்லை. 2023 டிசம்பரில், ஒரு கட்டடத்தின் தனித்தனித் தளங்களை மண்டலப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்திய பிறகே அவ்விடங்களை நிரப்ப வழி பிறந்தது. ஆகவே, குத்தகைக்குப் போயிருக்கும் இடத்தின் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், காலியாக இருக்கும் இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதையும் காலாண்டு அறிக்கையில் தேடிப் படிப்பது பயனளிக்கும்.

வருமானத்துக்காக ரீட் வைத்திருப்பவர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம், வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையின் உட்கூறு. ரீட் பெரும்பாலும் கட்டடங்களை நேரடியாக வைத்திருப்பதில்லை; ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாக உள்ள துணை நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதுடன் அதற்குக் கடனும் கொடுத்திருக்கும். எனவே வாடகைப் பணம் மேலே வரும்போது பங்காதாயம், வட்டி, கடன் அசல் திருப்பம் என்று வெவ்வேறு பெயர்களில் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, ஒருவர் 400 ரூபாய் விலையில் 2,500 யூனிட்டுகளை 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார் என்றும், காலாண்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் பெறுகிறார் என்றும் கொள்வோம். காலாண்டு வரவு 15,000 ரூபாய். ஆண்டுக்கு 60,000 ரூபாய். அதாவது முதலீட்டில் 6 விழுக்காடு. அந்த 6 ரூபாயில் 3 ரூபாய் பங்காதாயம், 1 ரூபாய் வட்டி, 2 ரூபாய் கடன் திருப்பம் என்றால், ஒவ்வொன்றுக்கும் வரி வேறு. வட்டி அவருடைய வருமான வரம்புக்கு ஏற்ற விகிதத்தில் வரிக்கு உட்படும். உள்நாட்டில் வசிப்பவருக்கு அதில் 10 விழுக்காடு முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும். பங்காதாயத்துக்கு வரி உண்டா இல்லையா என்பது, அந்தத் துணை நிறுவனம் குறைந்த கம்பெனி வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்ததா என்பதைப் பொறுத்தது. தேர்ந்தெடுத்திருந்தால் வரி உண்டு, இல்லையேல் இல்லை.

கடன் திருப்பமாக வரும் 2 ரூபாய்க்கு உடனே வரி கிடையாது என்பதால், அதைப் பலரும் வரியற்ற வருமானம் என்றே எண்ணிவிடுகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி அத்தொகை யூனிட்டின் வாங்கிய விலையிலிருந்து கழிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளில் 20 காலாண்டுகளுக்கு 2 ரூபாய் வீதம் 40 ரூபாய் வந்திருந்தால், கணக்கில் அந்த யூனிட்டின் விலை 400 அன்று, 360 ஆகும். அவர் 420 ரூபாய்க்கு விற்றால் ஆதாயம் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்பது 60 ரூபாயாகிறது. 2,500 யூனிட்டுக்கு 50,000 ரூபாய் என்று நினைத்திருந்தது 1,50,000 ரூபாயாகிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட யூனிட்டுகளின் ஆதாயத்தில் 1.25 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் 12.5 விழுக்காடு வரி. மறந்தவர் வரியே இல்லை என்று விட்டுவிடும் இடத்தில், வேறு ஆதாயம் இல்லாதவருக்கும் 25,000 ரூபாய் வரிக்கு உட்படுகிறது. இத்தகைய திருப்பங்களின் மொத்தம் யூனிட்டின் வெளியீட்டு விலையைக் கடந்துவிட்டாலோ, கடந்த பகுதி நேரடி வருமானமாகவே வரி விதிக்கப்படும். ஒவ்வொரு விநியோகத்தின்போதும் ரீட் அனுப்பும் பகுப்பு விவரத்தைச் சேமித்து வைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

கையில் கிடைக்கும் விழுக்காட்டை வைப்பு நிதி வட்டியோடு ஒப்பிடுவது இயல்பே என்றாலும், இரண்டும் வேறு இயல்புடையவை. அலுவலகக் குத்தகைகளில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையை 15 விழுக்காடு உயர்த்தும் விதி பரவலான வழக்கம். ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 4.8 விழுக்காடு. வைப்பு நிதிக்கு அந்த வளர்ச்சி இல்லை. ரீட்டுக்கோ வைப்பு நிதியின் உறுதி இல்லை. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அத்தகைய காலங்களில் ரீட்டின் கடன் செலவும் உயர்கிறது; வைப்பு நிதி கவர்ச்சி பெறுவதால் யூனிட்டின் விலையும் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. 2025இல் தொடங்கிய வட்டிக் குறைப்பு எதிர்த் திசையில் உதவுகிறது. கடன் விழுக்காடு குறைவான ரீட்டைச் சற்றுக் குறைந்த வருமானத்துக்கும் ஏற்பதே, இந்த வரவை நம்பி வாழ்பவருக்குத் தக்க தேர்வு.

தொண்ணூறு விழுக்காட்டைக் கொடுத்துவிடும் அமைப்பிடம் சேமிப்பு அதிகம் தங்காது. புதிய கட்டடம் வாங்கவோ பெரிய அளவில் புதுப்பிக்கவோ அது கடன் வாங்கியாக வேண்டும், அல்லது புதிய யூனிட்டுகளை வெளியிட்டாக வேண்டும். மொத்த வாடகை வருமானம் உயர்ந்தது என்ற அறிவிப்பைக் கண்டு மகிழும் முன், யூனிட் ஒன்றுக்கான விநியோகம் உயர்ந்ததா என்று பார்க்க வேண்டியது இதனால்தான். ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டாளர் கணிப்பின் அடிப்படையில் வெளியாகும் யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு, சந்தை விலை மிகையா குறைவா என்று அறிய உதவும். யூனிட்தாரரும், வந்த தொகை அனைத்தையும் செலவழித்துவிடாமல் ஒரு பகுதியால் மீண்டும் யூனிட் வாங்கிவந்தால், விலைவாசிக்கு ஈடுகொடுக்க முடியும். விதைநெல்லையும் சேர்த்துச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு வழியில்லை.

2024 மார்ச்சில் செபி அனுமதித்த சிறு, நடுத்தர ரீட்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. 50 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துக்கும் திட்டம் தொடங்கலாம் என்பதால், ஒரே கட்டடத்தை நம்பிய திட்டமும் இதில் இயலும். ஒரு யூனிட்டின் விலை குறைந்தது 10 லட்சம் ரூபாய். முக்கிய வாடகைதாரர் ஒருவர் வெளியேறினால் வருமானத்தின் பெரும்பகுதி நின்றுபோகும் ஆபத்தும், அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காத ஆபத்தும் இங்கே கூடுதல். ஓய்வூதியர் தம் சேமிப்பின் பெரும்பகுதியை இத்தகைய ஒரு யூனிட்டில் வைப்பது பொருத்தமற்றது.

பெரிய ரீட்டுகளையும் குடும்ப வருமானத்தின் ஒரு கிளையாகக் கொள்வதே முறை. விநியோகம் காலாண்டுக்குக் காலாண்டு மாறக்கூடியது ஆதலால், குறைந்தது இரண்டு காலாண்டுச் செலவுக்கான தொகையை வங்கியில் தனியாக வைத்துக்கொண்டு, அதன் பின்னரே யூனிட் வாங்கத் தொடங்குங்கள்.