அடுத்த பூனைக்குட்டி வருவதற்கு முன்

எங்கள் வீட்டுப் பூனை வெள்ளச்சி இறந்த மறுநாள் காலையிலும் அம்மா பழக்கத்தில் அதன் கிண்ணத்தைக் கழுவிக் கொல்லைப்படியில் வைத்தார். ஒரு வாரம் யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் பக்கத்து வீட்டு அக்கா ஐந்து வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே கிண்ணம், அதே சாக்கு, அதே மூலை. எட்டாம் நாள் குட்டி தீனியைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. பத்தாம் நாள் இறந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வெள்ளச்சிக்கும் இதே நோய்தான் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

பழைய பூனை எதனால் இறந்தது?

குட்டி தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். முதுமையாலோ சிறுநீரகக் கோளாறாலோ விபத்தாலோ இறந்திருந்தால் புதுக் குட்டிக்கு அதனால் ஆபத்தில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நான்கைந்து நாளில் இறந்திருந்தால் பான்லூகோபீனியாவாக இருக்கலாம். இந்த நோயின் வைரஸ் நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவு. தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும்; சோப்புக்கும் வெந்நீருக்கும் சாகாது. சாக்கு, மெத்தை, மண் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்குச் சுமார் 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பினாயில் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது; பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

இத்தனை செய்தாலும் தடுப்பூசி போட்ட குட்டியைத்தான் இந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. குட்டியைத் தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டாக எடுங்கள். ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று தாமே கற்றுக்கொள்ளும்.

பாலும் தயிர்ச்சோறும் போதாது

பூனை என்றாலே நமக்குப் பால் கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும். புரதமோ தாய்ப்பூனையின் பாலில் இருப்பதில் பாதிகூட இல்லை.

அதைவிடப் பெரிய குறை டாரின். பூனையின் உடல் இந்தச் சத்தைத் தேவையான அளவு தானே தயாரிக்காது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். பல மாதம் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத்தசை தளரும். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகே தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின.

எனவே குட்டிகளுக்கென்று விற்கும் தீவனமே முதல் தேர்வு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் பங்கு கொடுப்பதானால் வேகவைத்த கோழி, ஈரல் கொஞ்சம், முள் எடுத்த மீன். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில் இறங்கியிருக்கும். மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகப் போட்டே வளர்த்தால் பி1 வைட்டமின் அழிந்து நரம்பு பாதிக்கும்.

கண் திறக்காத குட்டி கிடைத்தால்

தெருவோரம் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகளுக்கு ஆபத்தில்லாத இடமென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் வரவே இல்லையென்றால் முதலில் சூடு, பிறகுதான் உணவு. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல் வாரம் இரவிலும் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நாக்கால் செய்யும் வேலை அது.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க

மண் தட்டைத் தினமும் மாற்றுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். குட்டி கடித்தாலோ பிராண்டி ரத்தம் வந்தாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

தினமும் ஒரு எண்

ஓராண்டு காத்திருந்து, ஊசி போட்ட இரண்டு குட்டிகளை எடுத்தோம். சமையலறைத் தராசில் பாத்திரம் வைத்து, தினமும் காலையில் குட்டியை அதில் உட்காரவைத்து, எடையைக் காலண்டர் தாளில் அம்மா எழுதினார்: 812, 825, 836. வளரும் குட்டி நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறும். இரண்டு நாள் ஏறாவிட்டால் ஏதோ சரியில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத குட்டியை மறுநாள் வரை பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.