செக்றோலில் ஒரு பெயர், அட்டவணைகளில் இரண்டு இடம்

ஊவா மாகாணத் தோட்டங்களில் லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் கட்டும் பணி பல கட்டங்களாக நடந்துவருகின்றது. இந்திய அரசின் நிதியுதவியில் இலங்கைக்கு வழங்கப்பட்ட 50,000 வீடுகளில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு வந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அத்திட்டத்தின் பயனாளிகள் சுமார் 2,000 பேருக்கான உரிமைப் பத்திரங்கள் 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் கையளிக்கப்பட்டன. இத்தகைய வேலைகளுக்குத் தோட்டந்தோறும் தனித்தனிக் கால அட்டவணை வரையப்படும்போது, தனியே பார்த்தால் பிழையற்ற இரண்டு அட்டவணைகள் அருகருகே வைத்ததும் நிறைவேற்ற முடியாதவையாகிவிடக்கூடும். இரண்டிலும் ஒரே ஆளின் ஒரே நாள் எழுதப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

மைக்ரோசொப்ட் புரொஜெக்ட், பிரைமவேரா போன்ற அட்டவணை மென்பொருள்கள் வேலை செய்யும் ஆளையும் இயந்திரத்தையும் 'வளம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. இவ்வகை வளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. ஒரு மேசனுக்கு நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்றால் அதற்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு மணிநேரமும் 'மிகை ஒதுக்கீடு' எனப்பட்டுச் சிவப்பில் காட்டப்படும். 1924 இல் பதுளையை எட்டிய ஒற்றைத் தண்டவாளப் பாதையில், இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுக்குள் ஒரு வேளையில் ஒரு ரயில்தான் நுழையலாம் என்பதும் இதே உச்ச அளவின் கணக்குத்தான். எனினும் இந்த மென்பொருள்களுக்கு அடிப்படையான தீர்வழி முறை (Critical Path Method) 1957 இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டபோது, வேலைகளின் வரிசையையும் கால அளவையும் செலவையுமே அது கணக்கிட்டது. கைகள் வேண்டிய அளவு கிடைக்கும் என்பது அதன் எடுகோள். ஆள் போதுமா என்ற கேள்வி பின்னர் வந்து சேர்ந்ததாலேயே, இன்றும் பல அட்டவணைகளில் முடிவுத் தேதி கவனமாகவும் ஆட்கணக்கு மேலோட்டமாகவும் எழுதப்படுகின்றன.

தோட்டத்து மக்களுக்கு இந்த ஆட்கணக்கு புதியதன்று. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்கள் நம்பர் மலைகளுக்குப் பிரிக்கப்பட்டு, அன்றைய வேலை செக்றோல் என்னும் பதிவேட்டில் பதியப்படுகின்றது. இடப்புறம் பெயர்கள் கீழ்நோக்கி இறங்க, மேலே தேதிகள் வலப்புறமாக ஓட, கட்டத்துக்குள் முழுநாள் வேலைக்கு ஒரு பேர் அல்லது அரைநாளுக்கு அரைப்பேர் எழுதப்படும். மென்பொருளின் 'வளப் பயன்பாடு' என்னும் திரையும் இதே அமைப்புடையது: கீழ்நோக்கிப் பெயர்கள், குறுக்கே நாட்கள், கட்டத்துக்குள் மணிநேரம். கவ்வாத்து மலையில் நிற்பவரின் பெயரை அதே நாளில் கொழுந்து மலையிலும் எழுதும் கணக்குப்பிள்ளை எவரும் இல்லை. இரண்டு திட்டங்கள் இரண்டு கோப்புகளில் இருக்கும்போது நிகழ்வதோ அதுவேதான்.

எடுத்துக்காட்டாக, நான்கு மேசன்மார் கொண்ட ஒரு குழு அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களின் வீடுகளுக்கும் ஒப்புக்கொண்டிருப்பதாகக் கொள்ளலாம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் என்றால் அக்குழுவின் உச்ச அளவு வாரத்துக்கு 192 மணிநேரம். ஆறு வாரங்களுக்கு 1,152. முதல் தோட்டம் கேட்பது வாரவாரியாக 64, 96, 128, 128, 64, 0. மண் வெட்டுவதில் தொடங்கும் இரண்டாவது தோட்டம் கேட்பது 0, 64, 128, 128, 96, 64. இரண்டுக்கும் மொத்தம் 480 மணிநேரம் வீதம் 960 தான் ஆகின்றது என்பதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு 192 மணிநேரம் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். வாரவாரியாகக் கூட்டினாலோ மூன்றாம், நான்காம் வாரங்களில் 256 மணிநேரம் வருகின்றது. அதாவது வாரத்துக்கு 64 மணிநேரம் மிகை. ஒவ்வொரு கோப்பிலும் 128 என்பது உச்ச அளவுக்குள் இருப்பதால் எதிலும் சிவப்பு தெரியாது.

மைக்ரோசொப்ட் புரொஜெக்டில் இரண்டு கோப்புகளை ஒப்பிடும் வசதி உண்டு. ஆனால் அது தேதி, கால அளவு, மொத்த வேலைநேரம் போன்ற பத்திகளின் வேறுபாட்டையே காட்டுவது, நாள்வாரியாக ஆட்கள் எங்கே மோதுகின்றனர் என்பதைக் காட்டுவதன்று. அதனைக் காண, இரண்டு கோப்புகளின் வாராந்த அல்லது நாளாந்த மணிநேரங்களை எக்செலுக்கு எடுத்துக் கூட்ட வேண்டும். அல்லது இரண்டையும் ஒரு 'பொது வளத் தொகுப்பு'டன், அதாவது எல்லாத் திட்டங்களும் ஆட்களை எடுக்கும் ஒரே பெயர்ப்பட்டியலுடன், இணைக்க வேண்டும். இங்கேதான் சிறு பிழைகள் பெருங்கேட்டை விளைவிக்கின்றன. ஒரு கோப்பில் 'மேசன்' என்றும் மற்றதில் 'மேசன்பாஸ்' என்றும் எழுதப்பட்டிருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரு வேறு ஆட்கள். ஒரு நாட்காட்டி போயா தினத்தை விடுமுறையாகக் கொண்டு மற்றது கொள்ளாவிட்டால், கூட்டிய எண்ணுக்கே பொருள் இல்லை. வாரக் கணக்கில் அமைதியாகத் தெரிவது நாள் கணக்கில் சிவந்துவிடக்கூடும் என்பதால், ஒப்பிடும் கால அலகும் இரண்டுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மோதலைக் கண்டபின் வேலைகளைத் தள்ளிவைத்து ஆட்கணக்கை உச்ச அளவுக்குள் கொண்டுவருவது 'சமன்படுத்தல்' எனப்படும். மேற்காட்டிய கணக்கில் இரண்டாவது தோட்டத்தை ஒரு வாரம் தள்ளினால் நான்காம் வாரத்தில் மீண்டும் 256 வரும். இரண்டு வாரம் தள்ளினால் எந்த வாரமும் 192 ஐத் தாண்டாது, முடிவு ஆறாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குப் போகும். மென்பொருளுக்கு அது இரண்டு வாரம், அவ்வளவே. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வரட்சியான மாதங்களே ஊவாவில் கட்டட வேலைக்கு ஏற்றவை. ஓகஸ்ட் நடுவில் தொடங்கிய வேலை இரண்டு வாரம் தள்ளினால் ஒக்டோபர் மழைக்குள் நுழைகின்றது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியது 2014 ஒக்டோபர் 29 அன்று. வெட்டிய சரிவும் கூரையில்லாத சுவரும் அந்த மாதத்தில் எப்படி நிற்கும் என்பதை அறிந்தவர்கள், தள்ளிவைப்பதற்குப் பதிலாக மூன்றாம், நான்காம் வாரங்களுக்கு மேலும் இரண்டு மேசன்மாரைத் தேடுவதே தகும். அப்போது உச்ச அளவு 288 ஆகி 256 அதற்குள் அடங்கிவிடும்.

இதைவிட ஆழமான மோதல் ஒன்று எந்தத் திரையிலும் சிவப்பாக வருவதில்லை. பயனாளிக் குடும்பமே முன்னின்று கட்டும் முறையில் கல் சுமப்பதும் மண் அள்ளுவதும் பெரும்பாலும் வீட்டாரின் உழைப்பு. அதனைத் திட்டத்தில் 'பயனாளி பங்களிப்பு' என ஒரு ரூபாய்த் தொகையாக எழுதினால் மென்பொருள் அதை வெறும் செலவாகவே கொள்ளும்; செலவுக்கு மணிநேரமும் இல்லை, உச்ச அளவும் இல்லை. ஏறக்குறைய ஏழு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் கொழுந்துக்குத் திரும்ப வேண்டிய ஒரு பெண்ணின் நாள் ஏற்கெனவே செக்றோலில் முழுப்பேராக இருக்கின்றது. விளைச்சல் குறைந்தாலும் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் பருவமும் அதே கச்சான் மாதங்களே என்பதால், அந்நாட்களில் தோட்டமும் அவரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவருடைய பெயரை ஆள் வகை வளமாக, தோட்டத்து வேலைநேரம் கழித்து எஞ்சும் மாலை இரண்டு மணிநேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் உச்ச அளவாகக் கொண்டு எழுதிப் பார்த்தால், அத்திவாரத்துக்கு ஒரு வாரம் என்று போட்டிருந்த வரி எத்தனை வாரமாக நீள்கின்றது என்பது திரையிலேயே தெரியும். தவணைப்பணம் வேலை முன்னேற்றத்தைப் பார்த்து விடுவிக்கப்படும் திட்டமாக இருந்தால், அடுத்த தவணை எந்த மாதத்தில் அவர் கைக்கு வரும் என்பதும் அந்த வரியைப் பொறுத்தே அமையும்.